கோபுரத்தைக் குறை சொல்லுமுன் மேசை விளக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புத் தொடர்மாடிகளில் கையடக்க ஈ.எம்.எஃப். (மின்காந்தப் புலம் அளக்கும்) கருவியைக் கட்டிலருகே பிடித்துவிட்டு, 150, 200 என்ற இலக்கங்களைக் கண்டு பதறுவோர் உண்டு. பழி எதிரேயுள்ள தொலைபேசிக் கோபுரத்தின் மேல் விழுகிறது. முதலில் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வானலை (கோபுரம் அனுப்பும் ரேடியோ அலை) நிலையிலும் சில கருவிகள் ‘வோல்ற்று/மீற்றர்’ என்றே காட்டும். தாழ் அதிர்வெண் நிலையில் அந்த அலகு வந்தால் அது மின்புலம். வீட்டுக்குள் அநேகமாக நமது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் வயர்களின் வேலை.

மின்புலத்துக்குக் கறண்ட் ஓட வேண்டியதில்லை, மின்னழுத்தம் (வோல்ற்றேஜ்) இருந்தாலே போதும். அதனால்தான் அணைத்துவைத்த மேசை விளக்கும் இலக்கம் காட்டுகிறது. இரண்டு முள் பிளக்கை எப்பக்கமும் செருகலாம். மாறிச் செருகப்பட்டால் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டும். லைவ் பல்ப் வரை வந்து நிற்கும். பிளக்கைத் திருப்பிச் செருகுங்கள், இலக்கம் இறங்கும். மடிக்கணினிச் சார்ஜரில் எர்த் இல்லையென்றால், உள்ளிருக்கும் வடிகட்டிக் கொள்ளளவி (கப்பாசிற்றர்) வழியாக உலோக உடல் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்கும். மணிக்கட்டில் கூசுவது அதனால்தான். (பேனா முனையால் எர்த் துளையை அமுக்கி இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் நம் வழக்கத்தை எப்போதுதான் விடப்போகிறோமோ!)

அடுத்தது, பிடிக்கும் கை. மனித உடல் கடத்தி. அது புலத்தை வளைத்துத் தன்னருகே குவிக்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் ஓர் இலக்கம், ரப்பர் செருப்போடு நின்றால் வேறொன்று. ஆகவே தலையணை இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் கருவியை வைத்து, ஒன்றரை மீற்றர் விலகி நின்று, தொலைபேசிக் கமராவைப் பெருப்பித்து வாசியுங்கள். வயரில் ஒட்டிப் பிடித்து எடுத்த இலக்கத்துக்கு அர்த்தமில்லை. பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அதன்பின் அறைக்கான பிரேக்கரை இறக்குங்கள். எந்தப் படியில் இலக்கம் விழுகிறதோ அங்கேதான் மூலம். எல்லாம் இறக்கியும் இலக்கம் விழாமல் நின்றால் பக்கத்து வீட்டுச் சுவரைச் சந்தேகிக்கலாம்.

வெளியே போகும் உயரழுத்தக் கம்பியின் மின்புலத்தைச் செங்கல் சுவர் பெருமளவு மறித்துவிடும். காந்தப்புலத்தை மறிக்காது. அந்தக் கவலை இருப்பவர்கள் மைக்ரோடெஸ்லா அளவைப் பார்க்க வேண்டும்; மில்லிகௌஸில் காட்டினால் பத்தால் வகுக்கவும்.

அயனியாக்காக் கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2010 இல் பொதுமக்களுக்கு வகுத்த 50 ஹேர்ட்ஸ் எல்லை, மீற்றருக்கு 5000 வோல்ற்று. காந்தப்புலத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா. மலிவான கருவிகள் சில மீற்றருக்கு 40 வோல்ற்றிலேயே கத்துவது தயாரிப்பாளர் வைத்த எச்சரிக்கைப் புள்ளி, அவ்வளவுதான்.

ஆனால் மூன்று முள் பிளக் உள்ள குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் உடலருகே நூற்றுக்கணக்கில் காட்டினால், புலத்தை மறந்துவிட்டு எர்த் அறுந்திருக்கிறதா என்று மின்தொழிலாளரைக் கொண்டு அன்றைக்கே பார்ப்பியுங்கள்.

மின்னிணைப்புத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.