நம் காளான் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வடைத் தட்டுப் பக்கம் போய்விட்டீர்கள். அதனால் இந்த முறை தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் நோட்டில் ஏறிய ஸ்போர் (காளானுக்கு விதை மாதிரி இருக்கும் தூள்) அளவுகள் அத்தனையும் தப்பு. செய்தது நான்தான். மைக்ராஸ்கோப் ஐபீஸில் இருக்கும் கோட்டு அளவை 40 எக்ஸ் லென்ஸில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, அதே கணக்கை 100 எக்ஸ் ஆயில் லென்ஸுக்கும் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். 8 மைக்ரான் இருக்கவேண்டிய ஸ்போர் 20 மைக்ரான் என்று வந்தது, நானும் புது இனம்தான் சிக்கிவிட்டது என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பொருளாளர் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏன் தம்பி, எல்லாமே இரண்டரை மடங்கா இருக்கு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. நோட்டு வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு மாதக் கணக்கை 2.5-ஆல் வகுத்துக்கொள்ளவும்.

சரி, வெளியே போனதைப் பார்ப்போம். கோத்தகிரி பக்கம் இருக்கும் லாங்வுட் சோலைக்கு வனத்துறை அனுமதியோடு ஒரே ஒரு தடவைதான் போனோம். 116 ஹெக்டேர் சோலை, 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, அங்கே கண்ணால் பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டும்தான், ஒரு சருகைக்கூட எடுக்கவில்லை. அட்டைகள்தான் நம்மிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. மற்றபடி நம் வேலை முழுக்கத் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும், சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அவரவர் கொல்லையிலும்தான் நடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நல்ல சரக்கெல்லாம் அங்கேதான் கிடைத்தது.

அதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கொழுந்து பறிக்கும் ஒரு பாட்டிதான் காட்டினார். தேயிலைச் செடியின் உள்கிளைகளில் கறுப்பாக முடி சிக்கிக் கிடந்தது. யாரோ தலை வாரிப் போட்டது என்றுதான் நினைத்தேன். "முடியில்ல சாமி, கிட்டக்கப் பாரு" என்றார் பாட்டி. அந்த முடியிலிருந்து ஊசி மாதிரி காம்புகள் கிளம்பி, ஒவ்வொன்றின் தலையிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புக் குடை. மூச்சு விட்டாலே ஆடுகிறது. அவசரத்தில் மேலிருந்து பத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டில் பார்த்தால் ஒன்றும் உதவாது. இந்த வகையில் குடைக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது: செவுள்கள், அதாவது அடியில் வரிவரியாக இருக்கும் தகடுகள், காம்பில் ஒட்டாமல் அதைச் சுற்றியுள்ள ஒரு சின்ன வளையத்தில் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு குச்சியைத் தகர டப்பாவில் எடுத்து வந்திருந்தேன், அதற்குள் குடைகள் காய்ந்து சுருண்டு புள்ளியாகிவிட்டன. ஈரப் பஞ்சு வைத்து மூடினேன், சாயங்காலம் திறந்தால் அத்தனையும் விரிந்து நிற்கின்றன! காய்ந்து மறுபடி உயிர் வருவது மராஸ்மியஸ் பேரினத்தின் குணம். பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்தக் கண்ணாடியை அடியில் நுழைத்துப் பார்த்ததில் வளையமும் தெரிந்தது. தேயிலைக்கு வரும் 'குதிரைமயிர்' நோய்க்குக் காரணமான காளான் இந்தக் கூட்டம்தான். ஆனால் இப்படி முடி விடுகிற மராஸ்மியஸ்கள் பல உண்டு, அதனால் நோட்டில் 'மராஸ்மியஸ், குதிரைமயிர் வகை' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டேன். சிலருக்கு வருத்தம், முழுப் பெயர் போட்டால் என்ன என்று. தெரிந்த அளவுக்குத்தான் போட முடியும்.

படம் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் லென்ஸ் தரையோடு வரும், காளானின் கண் மட்டத்தில் எடுக்கலாம். காற்று ஆட்டினால் அடி வெட்டிய பேப்பர் கப்பைச் சுற்றி நிறுத்துங்கள், ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி இருபது படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பவர்களுக்கு அது இல்லாமல் நடக்காது. அப்புறம், அடிப்பக்கம் எடுக்காத படத்தை அனுப்பிவிட்டு என்னிடம் பெயர் கேட்காதீர்கள்.

ஸ்போர் எடுக்க இத்தனை சின்னக் குடையைத் தாளில் கவிழ்த்தால் ஒன்றும் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் மேல் நேராகக் கவிழ்த்து, ஈரத்தோடு ஒரு டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க விடவும். ஸ்போர் நிறம் மாறுகிறதா என்று பார்க்கப் போடும் அயோடின் கலவையான மெல்சர் கரைசலுக்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட் நமக்குக் கிடைக்கவில்லை, லூகால் அயோடினை வைத்து ஒப்பேற்றுகிறோம். இன்னொரு சின்னக் குடைக் காளான் பேரினமான மைசீனாவின் ஸ்போர் என்றால் பெரும்பாலும் நீலம் பாரிக்கும், மராஸ்மியஸ் பாரிக்காது. அந்த அளவுக்கு அது போதும்.

தை மாதக் கூட்டத்தில் குதிரை லத்தி கொண்டுவந்தவரை எல்லோரும் திட்டினீர்கள், நான் உட்பட. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி ஜன்னல் வைத்த அட்டைப் பெட்டியில் அதை வைத்திருந்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளி. சாணத்தில் வளரும் பூஞ்சையான பைலோபோலஸின் வேலை. ஓரிரு சென்டிமீட்டர் உயரம்தான், ஆனால் வெளிச்சம் வரும் பக்கம் குறிபார்த்துத் தன் ஸ்போர் பையை 2 மீட்டர் வரைகூட எறியும். சாணி பக்கத்தில் மாடு மேயாதே, அதனால் தள்ளியிருக்கும் புல்லில் போய் விழுந்து, புல்லோடு வயிற்றுக்குள் போய் அடுத்த சாணியில் வந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருக்கும் ஸ்லைம் மோல்டுகளை நம் நோட்டில் சேர்ப்பதா என்று நடந்த விவாதம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவை பூஞ்சையே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவற்றைத் தேடும் ஆட்களும் நாம்தான். நோட்டின் கடைசிப் பக்கங்களில் விருந்தாளிகளாகச் சேர்த்துக்கொள்ள முடிவானது.

"இதைச் சாப்பிடலாமா?" என்று யார் படம் அனுப்பினாலும் நம் சங்கம் பதில் சொல்லாது. இதில் விவாதமே கிடையாது.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா படிப்பார். 100 எக்ஸ் லென்ஸுக்குப் போடும் இம்மர்ஷன் ஆயில் தீர்ந்துவிட்டது, சந்தா பாக்கி இருப்பவர்கள் கொடுத்தால் வாங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு லத்தி கொண்டுவருபவர்கள் தயவுசெய்து மூடி போட்ட டப்பாவில் கொண்டுவரவும்.

செயலாளர்