புகைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: நிலக்காட்சிப் பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நெடுநேரம் வாதாடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். மாதம் ஒரு புதிய ஊர் என்று ஓடுவதை நிறுத்திவிட்டு, சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய சில இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வது, பருவம் மாற மாற அங்கேயே போய் நிற்பது. எதிர்த்துக் கை தூக்கியவர்களும் உண்டு. ஓராண்டு முடிந்த நிலையில் அது நல்ல முடிவுதான் என்று உறுதியாகச் சொல்வேன். காரணம் பழையசீவரம்.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடிக் கண்ட இடம் அது. பழையசீவரத்தில் இறங்கி நரசிம்மர் கோயில் குன்றில் ஏறினால் பாலாற்றின் படுகை அகன்று கிடக்கிறது. எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர். வீரராஜேந்திர சோழன் காலத்தில் நடந்த மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு அங்குள்ள பெருமாள் கோயிலில்தான் இருக்கிறது.

சித்திரையில் முதல்முறை போனபோது வெறும் மணல். எட்டு மணிக்கே வெளிச்சம் வெளுத்துவிட, பலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். ஆனியில் கதிரவன் வடகிழக்கே கரைப்பக்கத்தில் எழுந்ததால் ஆறு விடியலின் நிறத்தைப் பெறவே இல்லை. ஆனால் அன்று மாலை மேற்கே திரண்ட இடிமேகம் சில நல்ல படங்களைத் தந்தது. மூன்றாம் முறை மார்கழி. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் மணல் திட்டுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. தென்கிழக்கே எழுந்த கதிரவன் ஆற்றுக்கு நேர் மேலே வந்து நின்றது. பனி விலகும்வரை யாரும் பேசவில்லை. கண்காட்சிக்குத் தேர்வான படங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு காலைப்பொழுதில் எடுத்தவை. சித்திரையோடு அந்த இடத்தை விட்டிருந்தால் அவற்றில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது.

மரக்காணம் உப்பளத்தில் நடந்ததையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். அங்கே காற்று எழுவதற்கு முன்னுள்ள அரைமணி நேரம்தான் படத்துக்கு உகந்தது. காற்று வந்ததும் பாத்தி நீரில் சிற்றலை ஓடி வானத்தின் நிழல் கலைந்துவிடும். அந்த அவசரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் வரப்பை விட்டு, உப்பு விளைந்துகொண்டிருந்த பாத்திக்குள் முக்காலியோடு இறங்கிவிட்டார். பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தித்தான் உப்பு விளைவிக்கிறார்கள். அது உடைந்தால் சேறு கலங்கி உப்பின் வெண்மை போய்விடும். அங்கே வேலையிலிருந்த அம்மா சத்தம் போடவில்லை. கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கால் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. புறப்படும் முன்பே நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்; பொறுப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்டு, செயற்குழு ஒப்புதலுடன் இழப்பீடு கொடுத்தோம். மறுமுறை போனபோது, அங்குள்ளவர்கள் இசைந்து எடுத்த படங்களை அச்சிட்டு அவர்கள் கையிலேயே சேர்த்தோம். உப்பளமானாலும் வயலானாலும் உரியவரைக் கேட்காமல் கால் வைப்பதில்லை, வரப்பை விட்டு இறங்குவதில்லை என்பது இனி நம் விதி.

காஞ்சிபுரத்துக்கு அப்பால் மாமண்டூருக்கு இருமுறை போனோம். பல்லவர் குடைந்த குகைகள் இருக்கும் குன்றில் ஏறினால் சித்திரமேகத் தடாகம் என்னும் பழைய ஏரி தெரிகிறது. ஏரி நிறைந்திருக்கும் தை மாதமே ஏற்ற காலம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளவும்.

வேடந்தாங்கலில் நாம் பறவையைத் தேடிப் போகவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களுக்காகப் போனோம். அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காமல் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. 1798-இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கிய ஊர் அது. அங்கே டிரோன் கொண்டுவரலாமா என்று கேட்ட உறுப்பினருக்குச் செயற்குழு ஒருமனதாக மறுப்புத் தெரிவித்தது.

பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போய் வந்தோம். ஒரே ஒருமுறைதான் முடிந்தது, அதுவும் மேகமூட்டத்தில். வரும் ஆண்டில் அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். விடியலுக்கு முன் கடை திறந்து தேநீர் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும், வேனை ஓட்டி வந்த நண்பருக்கும், பெட்டிகளைச் சுமந்து குன்றேறிய இளையவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை என்னும் வேட்டைத் திருவிழாவுக்குப் பழையசீவரம் எழுந்தருளும் மாட்டுப் பொங்கல் நாளில் அடுத்த பயணத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.