ஞாயிற்றுக்கிழமை மதியமே கிளம்பிவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மலையில் ரோடு இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளை ஜீப்பில் ஏற்றி வருகிற நம் குழுவின் பயிற்சியிலிருந்து நீ சாப்பிடாமல்கூடக் கிளம்பிப் போனதில் எனக்கு வருத்தம்தான், கோபம் எதுவும் இல்லை. "வண்டி ஓட்டத்தானே வந்தேன், பாதி நேரம் நடக்க விட்டீங்க, மீதி நேரம் படுக்க வெச்சீங்க" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. உன்னை மாதிரி இன்னும் சிலர் மனசுக்குள் கேட்டிருப்பார்கள், அதனால்தான் போனில் பேசாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன் ஓட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சனிக்கிழமை அந்தச் செம்மண் மேட்டில் பாதியில் டயர் சுழன்று வண்டி நின்றதும், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பப் பார்க்காமல், ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறக்கினாய் பார், அதைப் பார்த்து மலையில் பல வருஷம் ஜீப் ஓட்டுகிற அண்ணனே தலையாட்டினார். குறுக்கே திரும்பியிருந்தால் வண்டி உருண்டிருக்கும். 2018 கேரள வெள்ளத்தில் ஜீப் வைத்திருந்த பையன்கள் தண்ணீருக்குள் இறங்கி ஜனங்களை ஏற்றி வந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மனசு பெரிய விஷயம், அதை விட்டுவிடாதே.

ஆனால் நான் நர்ஸ், எனக்கு இடம் எப்போதும் வண்டியின் பின்னால்தான். அங்கிருந்து பார்த்தால் இந்த வேலை வேறு மாதிரி தெரியும். முன்சீட்டில் இருப்பவருக்குக் குழி வருவது தெரியும், எதையாவது பிடித்துக்கொள்வார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு வண்டியின் கூரை மட்டும்தான் தெரியும், அடி விழுந்த பிறகுதான் குழி இருந்ததே தெரியும். உன்னைப் படுக்க வைத்து பெல்ட் போட்டுக் கட்டி, அதே கல்தடத்தில் பொலிரோவை இரண்டு விதமாக ஓட்டிக் காட்டினோம் இல்லையா? முதல் தடவை வேகமாகப் போனபோது டிரிப் பாட்டில் கொக்கியில் ஆடி உன் மூக்குக்கு நேரே வந்து போனது, நான் ஒரு கையால் பாட்டிலையும் இன்னொரு கையால் உன் நெற்றியையும் பிடித்துக்கொண்டிருந்தேன், "இடுப்பு போச்சுங்கக்கா" என்று நீயே கத்தினாய். அடுத்து டயரில் காற்றைப் பதினெட்டு இருபதுக்கு இறக்கி, நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல் எஞ்சின் பிடிப்பிலேயே இறக்கினார்கள். நீ பேசவே இல்லை. முதுகெலும்பில் அடிபட்டவரையோ, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிற நிறைமாதக்காரியையோ ஏற்றிவரும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பாம்பு கடித்தவரை நடக்கவே விடக்கூடாது, கடிபட்ட காலை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, ஆளைத் தூக்கித்தான் வரவேண்டும், அவருக்கும் இப்படிப்பட்ட ஓட்டம்தான் வேண்டும்.

சரி, இப்போது நீ கோபித்துக்கொண்ட அந்தப் பள்ளத்து விஷயத்துக்கு, அதாவது ஓடைத் தண்ணீரில் வண்டியை இறக்க விடாமல் நிறுத்தியதற்கு வருகிறேன்.

முழங்கால் தண்ணீர்தான், உன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, எனக்கும்தான். கம்பெனிக்காரனே உன் மஹிந்திரா தார் ஜீப் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரைக்கும் இறங்கும் என்று சொல்கிறான் என்றாய். அந்தக் கணக்கு நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் இரண்டடி, அதாவது சுமார் 600 மில்லிமீட்டர் இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும், ஒரு அடி தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைத்துவிடும். ஏர் இன்டேக் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்து வண்டி பள்ளத்து நடுவிலேயே நின்றுவிடும். அப்புறம் பின்னால் படுத்திருப்பவரை யார் தூக்குவது?

அந்தப் பொண்ணு, நம் குழுவிலேயே வயதில் சின்னவள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கம்பை ஊன்றி ஊன்றி நடந்துபோனாள். நடுவில் ஓரிடத்தில் கம்பு முழுசாக உள்ளே போய்விட்டது, தரையே தட்டவில்லை. யாரோ மணல் அள்ளிய குழி, கலங்கல் தண்ணீரில் வெளியே தெரியவே இல்லை. அவள் திரும்பிப் பார்த்து "வேண்டாங்ணா" என்றாள், வண்டி நின்றது. உனக்கு அது அவமானமாகப் பட்டிருக்கலாம். நம் குழுவில் வழக்கம் அதுதான் கண்ணு, யார் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் வண்டி நிற்கும், டிரைவர் எத்தனை வருஷம் ஓட்டியவராக இருந்தாலும் சரி. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத் தண்ணீரின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும், கம்பு பிடித்தவருக்குத்தான் அடி தெரியும்.

சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் மழைக்காலத்தில் ஊரைத் துண்டித்துவிட்ட செய்திகளை நீயும் படித்திருப்பாய். மேலே மலையில் பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே பள்ளத்தில் தண்ணீர் ஏறும். அந்த நேரத்தில் கரையில் வண்டியை நிறுத்தி, அக்கரைக்கு வேறு வண்டியை வரச்சொல்லி, தண்ணீர் வடிகிற வரை நோயாளியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவும் பழக வேண்டும். வண்டி போகாத தடத்தில் மலை ஜனங்கள் தூளி கட்டித் தூக்கி வருகிறார்கள், அவர்களோடு சேர்ந்து தோள் கொடுக்கவும் பழக வேண்டும். அதனால்தான் உங்களை அவ்வளவு நடக்க விட்டோம்.

நீ போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் விஞ்ச், அதாவது சிக்கிய வண்டியை வடத்தால் சுற்றி இழுக்கிற கருவி, பழகினோம். வடத்தின் நடுவில் நனைத்த சாக்கைப் போட்டோம், அறுந்தால் துள்ளி அடிக்காமல் கீழே விழுவதற்காக. மரத்தைச் சுற்றி அகலமான பெல்ட்தான், வெறும் வடத்தைச் சுற்றினால் பட்டை உரிந்துவிடும். இதில் பெரிய வேலை எது தெரியுமா, கூட்டத்தை நகர்த்துவது. தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நிஜமான நாளில் ஊரே நிற்கும். வட நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி அத்தனை பேரையும் நிறுத்திவிட்டுத்தான் இழுக்க ஆரம்பிக்க வேண்டும். உனக்குக் குரல் கணீரென்று இருக்கும், அந்த வேலைக்கு நீ இல்லையே என்று நினைத்தேன்.

காட்டுக்குள்ளேயே பழகலாமே என்று சனிக்கிழமை ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிடும்போது கேட்டாய். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கக்கூடாது, பயிற்சி என்றாலும்தான். அந்தியூர்ப் பக்கம் அந்தத் தோட்டத்துக்காரர் இடம் கொடுத்தது பெரிய உதவி.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு தடவை கூடுகிறோம், அதே தோட்டம், அதே பள்ளம். இந்தத் தடவை கயிறு கட்டிக்கொண்டு கம்பு பிடித்து முன்னால் நடப்பது நீ, உன் தாரை ஓட்டுவது அந்தப் பொண்ணு. அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். நீ வருகிறாயா இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு, சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா