கேட் திறந்த அன்றே வாருங்கள்

மதிப்பிற்குரிய பினாங்கு மாநகர் மன்ற உறுப்பினர்களுக்கும் அமலாக்க அதிகாரிகளுக்கும் வணக்கம்.

யாராவது வளர்ப்பு நாயிடம் கடிபட்டு மருத்துவமனைக்குப் போகும்வரை சட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கடும் காயமோ வரலாம் எனும்போது, அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருப்பதையே குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் எந்த நாய் இனத்தின் பெயரும் இல்லை. பிட்புல், டோசா போன்ற நாய் இனங்களின் இறக்குமதிக்குத் தடை இருப்பது சரிதான். ஆனால் திறந்த கேட் எந்த நாயையும் தெருவுக்கு விட்டுவிடும்.

எனவே புகார் வந்தால் இனத்தைக் கேட்கும் முன் கேட்டைப் பாருங்கள். தானியங்கி கேட் உள்ள வீட்டில், கார் நுழைந்து கேட் மூடும் சில விநாடிகளில் நாய் வெளியே பாய்ந்துவிடும். மின்சாரம் போனதும் கேட்டைக் கையால் தள்ளித் திறக்க, சாவி போட்டு மோட்டாரை விடுவிப்பார்கள்; திரும்பப் பூட்ட மறந்தால் மூக்கால் தள்ளினாலே கேட் திறக்கும். உள்ளே இரண்டாவதாக ஒரு சிறு கதவு வைத்து, ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறந்தால் இந்த இரண்டு ஓட்டையும் அடைபடும். பெரிய நாய்க்கு ஆறடி வேலி வேண்டும். கேட்டின் அடியிலோ கம்பிகளுக்கு நடுவிலோ தலை நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பதைப் போதிய ஏற்பாடாக ஏற்காதீர்கள். ஒதுங்கிப்போக வழியில்லாத நாய், அஞ்சும்போதெல்லாம் முன்னே பாயப் பழகிவிடுகிறது.

வெளியே கூட்டிப்போக ஒன்றரை மீட்டர் வார் போதும். நீண்டு சுருங்கும் வகை வேண்டாம். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் தளர்ந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். வாய்க்கூடு கூடை வடிவில் இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் நாய் உடல்சூட்டைத் தணிக்கிறது; வாயை இறுக்கும் துணிப்பட்டையோடு நம் ஊர் வெயிலில் நடத்தினால் நாய் செத்தே போகலாம்.

“அது எங்கள் நாய் இல்லை” என்பவரிடம் பேச மைக்ரோசிப் வேண்டும். நாயின் தோலுக்கடியில் செலுத்தப்படும், அரிசி அளவிலான அந்தச் சில்லுக்குள் 15 இலக்க எண் இருக்கும். நாய் கைமாறியும் பதிவில் பழைய உரிமையாளரே இருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. ஆகவே உரிமம் புதுப்பிக்கும் முகப்பிலேயே பெயரையும் தொலைபேசி எண்ணையும் சரிபாருங்கள். சிப் நகர்வதுண்டு, எண்ணைப் படிக்கும் கருவியைத் தோளோடு நிறுத்தாமல் விலா, முன்னங்கால் வரை மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள்.

நாய் தப்பி வந்ததாக முதல் புகார் வந்ததும் எழுத்தில் எச்சரிக்கையும், குறையைச் சரிசெய்ய 14 நாள் கெடுவும் கொடுங்கள். கெடு முடிந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். வேலையில் பாதி அந்த இரண்டாவது வருகைதான்.

கடி நேர்ந்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். 2015இல் நம் மாநிலத்தில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டதை மறந்துவிட முடியாது. கடித்த நாயை அடித்துக் கொல்ல விடாதீர்கள். 10 நாள் அடைத்துவைத்துக் கவனித்தால், கடித்தபோது நோயைப் பரப்பும் நிலையில் இருந்ததா என்று தெரியும். அதற்கான கூண்டும் ஆளும் இப்போதே தயாராக இருக்கட்டும்.

இங்ஙனம்,
நாய்ப் பயிற்சியிலும் பராமரிப்பிலும் பணிபுரியும் பினாங்குவாசிகள்