ஒரே கம்பியில் இரு நிறுவனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தின் தொலைபேசிக் கம்பியிலேயே இன்னொரு நிறுவனம் அகலக்கற்றை இணையம் தர முடியுமா என்று பலர் சந்தேகிக்கிறார்கள். தொலைபேசி நிலையத்தில் கம்பி இணைத்துப் பிழைத்தவன் சொல்கிறேன்: தாராளமாக முடியும். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் அடங்கிவிடும்; ஏடிஎஸ்எல் எனப்படும் தொலைபேசிக் கம்பிவழி இணையம் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஓடுகிறது. ஸ்பிளிட்டர் என்ற உள்ளங்கையளவு கருவி இரண்டையும் பிரித்துவிடும்.

முட்டுக்கட்டை கம்பியில் இல்லை. போட்டியாளரின் கருவியை நிலையத்துக்குள் வைக்க இடம், மின்சாரம், உள்ளே வர அனுமதி ஆகியவற்றைக் கொடுப்பதில்தான் இழுத்தடிப்பு நடக்கிறது. அமெரிக்கா 1999-இல் கம்பிப் பகிர்வைக் கட்டாயமாக்கியது. இடமில்லை என்று மறுக்கும் நிறுவனம் போட்டியாளரை அழைத்து நிலையத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. எவ்வளவு நேர்மையான விதி! பகிர்வுக் கட்டாயத்தை 2003-இல் அவர்களே கைவிட முடிவெடுத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கண்ணாடியிழை இணையம் வந்த பின்பும், அந்த இழையைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய்க்கும் கம்பத்துக்கும் இதே இழுபறிதான். ஒழுங்குமுறை ஆணையங்கள் வாடகையை மட்டும் நிர்ணயித்தால் போதாது. இடம் ஒதுக்கக் காலக்கெடு விதித்து, மீறினால் அபராதம் வசூலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலையப் பணியாளர்