குடும்பப் பெயரை வைத்துக் கோயிலை ஊகிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தரவைப் பற்றி, அதாவது கணினியில் குவியும் ஏராளமான விவரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிறு வியாபாரியும் இனிப் பெரிய கடைகளைப் போல வாடிக்கையாளரை அறிந்துகொள்ளலாம் என்கிறார் கட்டுரையாளர். அவர் சொல்லும் நன்மைகளை நான் மறுக்கப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதினெட்டு ஆண்டுகள் நான் பார்த்தது அந்த வேலைதான். ஆனால் அறிவது வேறு, ஊகிப்பது வேறு. அந்த வேறுபாடு புரியாமல் நான் செய்த ஒரு தவறு இன்றும் மனத்தை அறுக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே புரட்டாசி என்றால் தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரு மாதம் கறி, மீன் கிடையாது. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தபோது இதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. எந்த வாரம் துவரம்பருப்பு எத்தனை மூட்டை போயிற்று, எந்தச் சனிக்கிழமை கத்தரிக்காய் பத்து மணிக்கே தீர்ந்தது, கோழி எவ்வளவு குறைத்து வாங்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். யார் வாங்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. கடன் நோட்டு தனி, அது அப்பாவின் மேசைக்குள் பூட்டியிருக்கும். அந்தப் புரட்டாசி நோட்டைத்தான் இன்று நூற்றுக்கணக்கான கிளைகளுக்குக் கணினி எழுதுகிறது. அழுகிக் கொட்டும் காய்கறி குறைகிறது. தீபாவளிக்கு முந்தின நாள் கற்பூரம் இல்லை என்று யாரும் திரும்பிப் போவதில்லை. இது நல்ல வேலை, இதைச் செய்ததில் எனக்குப் பெருமைதான்.

பெயரும் சேரும்போதுதான் கதை மாறுகிறது. யார் என்ன வாங்கினார் என்று பதியும் உறுப்பினர் கார்டைக் கிளிக்ஸ் மருந்துக் கடைத்தொடர் 1995-லேயே கொண்டுவந்தது. பிக் அன் பே, செக்கர்ஸ் ஆகிய பல்பொருள் கடைத்தொடர்கள் 2011-லும் 2019-லும். இன்று கார்டு இல்லாத பர்ஸ் அபூர்வம். அலமாரியில் ஒரே எண்ணெய் டின்னுக்கு இரண்டு விலை: கார்டு உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்குக் கூடுதலாக ஒன்று. வாடிக்கையாளர் விரும்பித்தானே கார்டு வாங்கினார் என்று நாங்கள் கூட்டங்களில் சொல்லிக்கொள்வோம். பென்ஷன் பணத்தில் குடும்பம் நடத்தும் ஒரு பாட்டிக்கு அந்தச் சில ராண்டை (இந்த நாட்டு நாணயம்) விட்டுக்கொடுக்க முடியுமா? அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

நான் வேலை பார்த்த பெரிய கடைத்தொடரில் ஒரு புரட்டாசிக்கு முன் கார்டுப் பட்டியலிலிருந்து குடும்பப் பெயர்களைப் பொறுக்கி எடுத்தேன். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாய்க்கர், படையாச்சி, நைடூ, ரெட்டி. (கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் ஆனது இந்த நாட்டுக் குமாஸ்தாக்களின் கைவண்ணம்.) அந்த எண்களுக்கெல்லாம் "உங்கள் விரதத்துக்குச் சிறப்புச் சலுகை" என்று எஸ்எம்எஸ் போயிற்று. விற்பனை ஏறியது. மேலாளர் கைகுலுக்கினார்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "தம்பி, என் தாத்தா காலத்திலேருந்து நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. நாங்க எந்தச் சாமியைக் கும்பிடுறோம்னு உங்க கடைக்கு யாரு சொன்னது?" குடும்பப் பெயரைப் பார்த்து அனுப்பினோம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பேரையும் நிறத்தையும் பாத்து ஆளைப் பிரிச்சு வெச்ச சர்க்கார்தான் கேட்டோ மேனர்லேருந்து எங்களை லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து போட்டுது. இப்ப நீங்களுமா?" என்றார். (கேட்டோ மேனர், நிறவெறி ஆட்சி இந்தியர்களை வெளியேற்றிய டர்பன் பகுதி.) கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கார்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். நைடூக்களும் ரெட்டிகளும் பெரும்பாலும் தெலுங்குக் குடும்பங்கள். கிறிஸ்தவர்களான கோவெண்டர்கள் எத்தனை பேர் என்று பெயரிலிருந்து தெரிய வழியே இல்லை. கான் என்ற குடும்பப் பெயர் கொண்டவரைக் கல்யாணம் செய்துகொண்டு, புரட்டாசியில் இன்றும் அம்மா வீட்டு வழக்கப்படி கறி தொடாத என் சொந்த அத்தை மகள் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பனை ஏறியது என்று எங்கள் அறிக்கை சொன்னது. வாங்கினவர்களை அது எண்ணியிருந்தது. மனம் புண்பட்டு வேறு கடைக்குப் போனவர்களை எண்ண அதில் பத்தியே கிடையாது. கூகுள் நிறுவனம் 2008-ல், மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்கும் சேவையைத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாகப் போயிற்று. 2015-ல் சேவையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தரவு வைத்திருந்தவர்களுக்கே அப்படி என்றால், குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் எந்தத் தைரியத்தில் இறங்கினேன்?

இந்த நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது. போப்பியா எனப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் அமலில் உள்ளது. சமய நம்பிக்கை, இனம், உடல்நிலை ஆகியவற்றுக்கு அதன் 26-ஆம் பிரிவு தனிக் காவல் போடுகிறது. 69-ஆம் பிரிவின்படி, வாடிக்கையாளர் அல்லாத ஒருவருக்கு அவர் சம்மதமின்றி எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ விளம்பரம் அனுப்பக்கூடாது; சம்மதம் கேட்டு அணுகலாம், அதுவும் ஒரே ஒரு முறை. அபராதம் 1 கோடி ராண்டு வரை போகலாம். நம் சிறு கடைக்காரர்கள் பலர் இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் எண்களை எடுத்துப் புடவை விளம்பரம் அனுப்புகிறவரையும் இந்தச் சட்டம் கேட்கும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேர்த்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2020-ல், மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்திடமிருந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் தென்னாப்பிரிக்கர்களின் விவரம் வெளியே போனது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாடிக்கையாளர் என்று நடித்துக் கேட்டவரிடம் விவரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அரசு தரும் நம் அடையாள எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். 1980-களின் நடுப்பகுதி வரை அதற்குள் இனமும் எழுதியிருந்தது. இதையெல்லாம் ஒரு சலுகைக் கார்டுக்காக ஏன் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பக்கத்தில் அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. அந்தப் பேரேட்டில்தான் என் பூட்டனாரைக் கண்டுபிடித்தேன்: வட ஆற்காடு, இடது முழங்காலில் வடு. அந்த வரியைப் படித்தபோது அழுதேன். எங்களுக்கு ஒரு ஊர் இருக்கிறது என்று அந்தத் தரவுதான் சொன்னது, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவரைத் திருப்பி நிறுத்தி வடுவைக் குறித்துக்கொண்டவர், குறித்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டார். என் பட்டியலில் இருந்தவர்களிடம் நானும் கேட்கவில்லை.

வேலையை விட்டபின் தம்பியின் கடையில் உட்காருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தோம்: "புரட்டாசிச் சலுகை பற்றிச் செய்தி வேண்டுவோர் தங்கள் எண்ணை எழுதவும். வேண்டாம் என்றால் எப்போது சொன்னாலும் அடித்துவிடுவோம்." முதல் ஆண்டில் எழுதியவர்கள் 140 பேர்தான். பெயர் கேட்கவில்லை, எண் போதும். நம் வியாபாரிகள் இப்படித் தொடங்கலாம் என்பது என் கருத்து. இதைப் பற்றியும் நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் சந்தாப் படிவத்தில் பிறந்த தேதிக்கும் சமயத்துக்கும் கட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் காலியாக விட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதன்பிறகு நிரப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்