புல்மோட்டை மணலும் கணினிச் சில்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கல்விப் பக்கத்தில், புல்மோட்டை மணல்தான் நாளைய கணினிச் சில்லு என்று ஒரு வசனம் போட்டிருந்தீர்கள். அன்று பின்னேரமே என் ரியூசன் பிள்ளை ஒருத்தியின் தாய் பத்திரிகையும் கையுமாக வந்துவிட்டார். "மிஸ், புல்மோட்டையில சிப் பக்டரி வரப்போகுதாமே, மகளைக் குறைகடத்தி படிக்க விடட்டோ?"

எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் அந்தக் கறுத்த மணலில் பெரும்பங்கு இல்மனைற் என்ற கனியம். இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்கத்தான் உலகம் அதைத் தேடுகிறது. சில்லுக்கு வேண்டியது குவார்ட்சிலிருந்து எடுத்து 99.9999999 வீதம் வரை சுத்தமாக்கிய சிலிக்கன் என்ற குறைகடத்தி. தாங்கள் அறியாததல்ல. மணல் இருந்தால் போதுமென்றால் இங்கே அலஸ்தோட்டக் கடற்கரையில் எப்போதோ பக்டரி வந்திருக்கும். புல்மோட்டை மணலைப் பிரித்ததோடு சரி, கப்பலேற்றி விடுகிறோமே, அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

போதாததற்கு, குறைகடத்திச் சாதனங்கள் 'இலகுவாகப் புள்ளி எடுக்கக்கூடிய பாடம்' என்றும் ஓர் ஆலோசனை. நான் கம்பஸில் அதைப் படித்தவள். உயர்தரத்தில் சிலிக்கனுக்கு மாசு சேர்ப்பது என்று தமிழில் படித்துவிட்டுப் போன எங்களுக்கு, முதல் விரிவுரை முழுக்க ஆங்கிலம். அதையே அங்கு 'டோப்பிங்' என்றதும் ஓட்டக்காரர் போடும் ஊசி என்றே நானும் தோழியும் நினைத்தோம். சிரிக்காதீர்கள், அந்த செமிஸ்டரில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மின்னலைகளைத் திரையில் காட்டும் அலைவுகாட்டி பதினெட்டுப் பேருக்கு ஒன்று. கரண்ட் போனால் அன்றைய ஆய்வு அவ்வளவுதான். இருவாயிக்கு, அதாவது டயோட்டுக்கு, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக, அம்பியர்மானி அசையாமல் கிடந்து, 0.7 வோல்ற்றை நெருங்கும்போது முள் சட்டென்று எழும்பும். அந்தக் குமிழை என் கையால் திருப்பக் கடைசிக் கிழமை வரை காத்திருந்தேன். புத்தகத்தில் வரைபடத்தை நூறு தரம் பார்த்திருக்கிறேன், அது வேறு. ஆய்வுகூடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது உங்கள் நிருபர் யாரையும் கேட்டதுண்டா? கனவு விற்க மட்டும் முழுப்பக்கம் கிடைக்கிறது.

இதற்கு முன் நான் எழுதிய இரண்டு கடிதங்களும் இடநெருக்கடியில் அகப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இம்முறை பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், புல்மோட்டை மணல் பற்றி ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அந்தத் தாய்க்குக் காட்ட வேண்டும்.

பௌதிகவியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.